கோழிப்பண்ணையில் பாஸான கேமரா

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதுக் கேமரா ஒன்று வெளியாகப் போகிறது என்று செய்தி வந்தால் போதும், வீட்டில் இருக்கிற நல்ல கேமரா அன்று சாயங்காலமே சரியாகப் படம் எடுக்காது. நிறம் மங்கும், ஃபோகஸ் தடுமாறும், பட்டன்கூட இறுகிவிட்ட மாதிரி தோன்றும். கம்ப்யூட்டருக்குள் மாட்டி வீடியோவை வேகமாக ஓட வைக்கிற புது கிராபிக்ஸ் கார்டு என்றால் கேட்கவே வேண்டாம். அதுவரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் என்னைப் பார்த்ததும் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். (டாக்டரிடம் காட்டவில்லை. இதற்கு மருந்து இன்னும் வெளியாகவில்லை. வெளியானால் அதற்கும் ரிவ்யூ பார்த்துவிட்டுத்தான் விழுங்குவேன்.)

நாமக்கல்லில் வீடியோ எடுத்து, வெட்டி, ஒட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. கோழித் தீவன விளம்பரம், இளம்பிள்ளை ஊர்ப் புடவைக் கடைகளின் ஆடித் தள்ளுபடி, லாரி பாடி கட்டும் பட்டறையின் திறப்பு விழா என்று வருகிற வேலைகளுக்கு என்னுடைய பழைய சாமான்களே தாராளம். ஆனால் அந்த வருஷம் ஒரு புதுக் கேமராவும் ஒரு புது கிராபிக்ஸ் கார்டும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியாகித் தொலைத்தன. இரண்டையும் சேர்த்து வாங்க வக்கில்லை. எதை முதலில் வாங்குவது என்கிற யோசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உலகத்தில் இருக்கிற ரிவ்யூக்காரர்கள் அத்தனை பேரையும் பார்த்து முடித்தேன். ஒருவர் கொரிய மொழியில் பேசினார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் கடைசியில் அவர் தலையை ஆட்டிய விதத்தை வைத்து ஒரு முடிவுக்கு வரப் பார்த்தேன். புது கார்டு செங்கல் அளவுக்குப் பெரிசு என்று கேள்விப்பட்டதும், மனைவி பூங்கொடியின் தையல் டேப்பை எடுத்துவந்து கம்ப்யூட்டர் பெட்டியின் உள்பக்கத்தை அளந்தேன்.

“ஏனுங்க, அதுக்கு ஜாக்கெட் தைக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள் அவள்.

சேலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற என் நண்பன் மணிக்குப் போன் போட்டேன்.

“கார்டை வாங்கு மொதல்ல,” என்றான். “அந்தக் கேமரா எடுக்கற ஃபைலு நொம்ப கனம். உன்ற பழைய கம்ப்யூட்டரு அதைத் தெறக்கவே தெறக்காது.”

“மொதல்ல படம் எடுத்தாத்தானடா தெறக்கறதுக்கு?”

“எடுத்துப்போட்டு என்ன பண்ணுவ? பூசை ரூம்ல வெச்சுக் கும்புடுவியா?”

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயம் கேட்கவா நான் போன் போட்டேன்? “கேமராவை வாங்கு” என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் போட்டேன். அவன் சொல்லவில்லை. பூங்கொடி சொன்னாள்.

அவளுடைய தம்பி சரவணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவனுடன் பிறந்தவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு புடவையின் ஒரு முனையை அவனிடமும் மறு முனையை அவளிடமும் கொடுத்துச் செய்கிற சீர். வீட்டுக்கு இனி இன்னொருத்தி வரப்போகிறாள், ஆனாலும் இந்த வீட்டில் உனக்கு இருக்கிற இடம் இருக்கிறது என்று ஊரறியச் சொல்வது அது. அன்றைக்கு மேடையில் அவள்தான் ராணி.

“எனக்கு இருக்கறது ஒரே தம்பி,” என்றாள் பூங்கொடி. “இன்னொருக்கா இணைச்சீருக்கு நான் எங்கீங்க போறது? ஊரு ஊட்டுக்கெல்லாம் எடுக்கறீங்க. எனக்கு இது ஒண்ணை நல்லா எடுத்துக் குடுங்க, போதும்.”

ஆகா! கேமராதான் என்று அந்த நிமிஷமே முடிவானது. கட்டின மனைவி கண்கலங்கக் கேட்கும்போது கார்டு வாங்குகிறவன் மனுஷனா? (அவள் கண் கலங்கவில்லை. நான்தான் கலங்கியதாக வைத்துக்கொண்டேன்.)

கேமரா வந்து இறங்கியது. மாமனார் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர், அதனால் சோதனையை அங்கேயே வைத்துக்கொண்டேன். அந்தக் கேமராவின் பெருமையே ஃபோகஸ்தான். மனிதர், பறவை, வண்டி என்று நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதன் கண்ணைத் தானாகவே தேடிப் பிடித்து ஒரு பச்சைக் கட்டம் போடும். ஒருமுறை பிடித்தால் விடாது என்று ரிவ்யூக்காரர்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்கள். நான் ‘பறவை’யைத் தேர்ந்தெடுத்துக் கூண்டுக்கு நேரே நீட்டினேன். கோழி கழுத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சைக் கட்டம் கூடவே போனது. எனக்குப் புல்லரித்துவிட்டது. தீவன வாளியோடு வந்த மாமனார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“ஏனுங்க மாப்ள, கோழிக்கு வரன் கிரன் பாக்கறீங்களா? இத்தன படம் புடிக்கறீங்க?”

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். முதல் காட்சி வந்தது, அப்படியே உறைந்து நின்றது. மணியின் வாக்குப் பலித்துவிட்டது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. உறைந்து நின்ற அந்த ஒரு கோழி அவ்வளவு துல்லியமாக இருந்தது. கொண்டையில் இருக்கிற பொடிப்புள்ளிகூடத் தெரிந்தது. கேமரா பாஸ் என்று எழுந்துவிட்டேன்.

கல்யாண நாள். மாமனார் ஏற்பாடு செய்திருந்த ஸ்டுடியோக்காரர் பாவம் நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். இணைச்சீர் தொடங்கும் நேரத்தில் அவரிடம் போனேன்.

“இதை நான் பாத்துக்கறேன். நீங்க போய் டிபன் சாப்புடுங்க.”

“இல்லீங்க, நானும் ஒரு ஓரமா நின்னு ரெண்டு எடுத்துக்கறனுங்க.”

“என்ற லென்ஸுக்குக் குறுக்க வருவீங்க. போங்க போங்க, பொங்கல் சூடா இருக்குது.”

அவர் போனார். நான் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஃபோகஸ் பிடித்த ஆளைத் தவிர மற்றதெல்லாம் கரைந்து போனால்தான் சினிமா மாதிரி இருக்கும் என்று லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து வைத்தேன். மச்சான் சரவணன் சட்டையில் ஒரு குட்டி மைக்கையும் சொருகிவிட்டேன். வீட்டு மாப்பிள்ளையான என்னை ஒரு இடத்தில் நிற்க விடுவார்களா? “மாப்ள, இங்க வாங்க”, “மாப்ள, அவிங்கள உக்கார வையுங்க” என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நடுவில் ஒரு தடவை ஓடிவந்து கேமராவின் குட்டித் திரையை எட்டிப் பார்த்தேன். பச்சைக் கட்டம் ஒரு கண்ணைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. அடி சக்கை என்று திரும்ப ஓடிவிட்டேன். யாருடைய கண் என்று குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

மறுவீட்டு விருந்தன்று மாமனார் வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. கம்ப்யூட்டரில்தான் திறக்காதே ஒழிய, கேமராவை நேராக டிவியில் மாட்டலாம். எல்லோருக்கும் முன்னால் முதல் காட்சி என்று ஆசைப்பட்டு, அதுவரை நானே பார்க்காமல் வைத்திருந்தேன். பூங்கொடி கட்டிலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வயரைச் சொருகினேன்.

டிவியில் மயில் தெரிந்தது.

மேடை அலங்காரக்காரர், மணைக்குப் பின்னால் தெர்மாகோலில் ஓர் ஆள் உயர மயிலைச் செய்து நிறுத்தியிருந்தார். பண்ணையில் நான் வைத்த ‘பறவை’யை மாற்ற மறந்துபோயிருந்தேன். கேமரா மேடையைத் துழாவி, இருந்த ஒரே பறவையைக் கண்டுபிடித்து, அதன் கண்ணைப் பிடித்து, கடைசிவரை விடவே இல்லை. மயிலின் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம் போல இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு கலர்ப் புகைமூட்டம் அசைந்துகொண்டிருந்தது. ஒன்று என் மனைவி, இன்னொன்று மச்சான்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

“மாப்ள, எனக்குத்தான் கண்ணு தெரியலீங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் டிவியில் மச்சானின் குரல் கேட்டது. மைக் மட்டும் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது.

“அக்கா, எனக்கு என்னமோ அழுவ வருதுக்கா.”

மேடையில் வைத்திருந்த ஃபேன் காற்றில் மயில் தலையை மெல்ல ஆட்டியது. அதே நேரத்துக்குப் பூங்கொடியின் குரல் வந்தது.

“அழுவாத சாமி. நீ அழுதா நானும் அழுதுபோடுவேன். கண்ணுக்கு மை போட்டிருக்கறன்.”

மயிலேதான் சொன்னது. வாய்தான் அசையவில்லை. மாமனாரின் வயிறு முதலில் குலுங்கியது, அப்புறம் கூடமே வெடித்தது. மச்சான் தரையில் உட்கார்ந்தேவிட்டான்.

பூங்கொடி எழுந்து சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே போனேன். அங்கே நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

“வருத்தமா இருக்குதுங்க. வெளையாட்டுக்குச் சொல்லல.”

என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கெடுக்க ஆறு மாசம் ரிவ்யூ பார்த்திருக்கிறேன். “மறுபடியும் எல்லாரையும் உக்கார வெச்சு எடுத்துறலாம்” என்று உளறினேன்.

“சீரு என்ன சினிமாவா, இன்னொருக்கா எடுக்க?”

அதற்குள் கூடத்தில் யாரோ திரும்ப ஓடவிட்டார்கள். “அழுவாத சாமி” என்றது மயில். பூங்கொடி முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அழுகையோடு சேர்ந்து சிரிப்பு பீறிட்டது.

“ஒண்ணும் பேசாம கம்முனு நில்லுங்க,” என்று என்னையே திட்டினாள். “என்ற குரலு நல்லாத்தான் இருக்குது.”

ஒரு போட்டோவாவது இருக்குமா என்று ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்தேன். “பொங்கல் நல்லா இருந்ததுங்க,” என்றார்.

பிறகு கார்டும் வாங்கினேன். ஃபைல் இப்போது வழுக்கிக்கொண்டு திறக்கிறது. மயில் முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது.

மச்சானுக்கு இப்போது மூன்று வயதில் ஒரு மகள். அவள் சோறு உண்ண வேண்டுமென்றால் அந்த வீடியோவைப் போட வேண்டும். போடுகிறவர்கள் சும்மா போடுவார்களா? “பாரு சாமி, உங்கத்தை பேசறா” என்று மயிலைக் காட்டிச் சொல்லிச் சொல்லியே ஊட்டுகிறார்கள்.

போன மாதம் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். நானும் பூங்கொடியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு எதிரே மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பண்ணைக்குப் பின்னால் சோளக்காட்டில் ஒரு மயில் வந்து இறங்கியது. குழந்தை பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

“தாத்தா, தாத்தா! அத்தை வந்திருக்குது!”

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உள்ள வரச் சொல்லு சாமி. கூட மாப்ளயும் வந்திருக்கறாரான்னு பாரு.”