ஐம்பது நிமிட சர்வதேசப் பயிற்சியாளர்

வேலைக்கான இன்டர்வியூவில் நான் ஒரு பொய் சொன்னேன். "ஸ்டேட் லெவல் ஃபுட்பால் பிளேயர்" என்பது அந்தப் பொய். மாநிலப் போட்டிக்குப் போனது உண்மைதான். கடைசி நான்கு நிமிடம் மாற்று ஆட்டக்காரியாக இறங்கினேன். பந்து என் பக்கம் வரவேயில்லை. அடுத்த மாதமே பயிற்சியில் முழங்கால் போய்விட்டது. என் கால்பந்து வாழ்க்கை மொத்தமும் அவ்வளவுதான்.

ஒரகடம் பக்கத்தில், கொரியாக்காரர்கள் நடத்தும் சார்ஜர் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. (பொய்யால் கிடைக்கவில்லை. முப்பது பேர் வேண்டியிருந்தது, முப்பது பேர்தான் போயிருந்தோம்.) அங்கே மெயின்டனன்ஸில் இருந்த வடக்குப்பட்டு ஏழுமலையைக் கல்யாணமும் செய்துகொண்டேன். லைன் லீடராகி, புதிய சூப்பர்வைசர்கள் பட்டியலுக்காகக் காத்திருந்த வாரத்தில் ஹெச்ஆர் மேடம் கூப்பிட்டார்.

"ரேவதி, நீ ஸ்டேட் பிளேயர்தானே? ஞாயித்துக்கிழமை கொரியா சாருங்களுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் மேட்ச். அவங்களுக்குக் கோச் இல்ல. நீ நின்னுடு."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "சரிங்க மேடம்" என்றுதான் வந்தது. கொரிய அணியின் கேப்டன், எங்கள் பிளான்ட்டுக்கே தலைவரான கிம் சார். எதிரணியின் கோல்கீப்பர் என் கணவர்.

வீட்டில் சொன்னதும், பிசைந்துகொண்டிருந்த சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என் வீக்னஸு உனக்கு மட்டுந்தான் தெரியும். அதான் உன்னைக் கூப்டுகினு கீறாங்க."

"அவங்களுக்கு அதெல்லாம் எப்படிங்க தெரியும்?"

"நீ சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்" என்றேன். இரண்டாவது பொய்யாகிவிடுமோ என்று அப்போதே தோன்றியது.

ஞாயிறு மாலை பிள்ளைப்பாக்கம் மைதானம். ஒரு பாதிக்கு இருபத்தைந்து நிமிடம். என் பதினோரு ஆட்டக்காரர்களுக்கும் தமிழ் தெரியாது. எனக்குக் கொரிய மொழியில் ஒரே ஒரு சொல் தெரியும், "பல்லி". சுவரில் ஓடுவது இல்லை, "சீக்கிரம்" என்று அர்த்தம். லைனில் தினமும் நூறு முறை காதில் விழும். அதையே கோட்டோரம் நின்று கத்தினேன். அவர்களும் பாவம், கோச் சொல்கிறாரே என்று நிற்காமல் ஓடினார்கள். ஒரு கோலும் போட்டார்கள். இடைவேளையில் எட்டுப் பேர் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். அக்கவுன்ட்ஸ் சார் என்னைப் பார்த்துக் கைகூப்பி, "மேடம், நோ பல்லி" என்றார்.

இரண்டாம் பாதியில் நம்ம ஆட்கள் ஒரு கோலைத் திருப்பினார்கள். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் எங்கள் அசெம்ப்ளி லைன் குமார், கிம் சாரின் காலை வாரிவிட்டான். பெனால்டி.

பந்தைப் புள்ளியில் வைத்த கிம் சார், அடிக்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"யுவர் ஹஸ்பண்ட். ஐ ஷூட் லெஃப்ட்? ரைட்?"

என் கணவருக்கு ஒரு பழக்கம். பெனால்டி எந்தப் பக்கம் வந்தாலும் தன் இடது பக்கம்தான் பாய்வார். நிச்சயம் பேசிய நாட்களில் என்னை நம்பிச் சொன்ன ரகசியம் அது. எதிரே பார்த்தேன். அவர் கண் என் மேலேயே இருந்தது. ஒரு பக்கம் சூப்பர்வைசர் பட்டியல், இன்னொரு பக்கம் கல்யாணம். கோச் என்றால் தன் அணிக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்றெல்லாம் மனதுக்குள் நியாயம் பேசிக்கொண்டேன். (சும்மா. பட்டியல்தான் கண்முன் நின்றது.)

"ரைட்" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைவு. மூலையில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவருக்கே கேட்டதாம்.

நான் சொன்னது கோல்கீப்பரின் வலது, அவர் பாயாத பக்கம். கிம் சார் அடித்தது தன்னுடைய வலது. எதிரும் புதிருமாக நிற்பவர்களுக்கு வலது வேறு வேறு என்பது, பந்து பறந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் கணவர் வழக்கம்போலத் தன் இடது பக்கம் பாய்ந்தார். பந்து அவர் நெஞ்சிலேயே வந்து அடங்கியது. விசில் ஊதிவிட்டார்கள்.

கிம் சார் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஹஸ்பண்ட் அண்ட் வைஃப். குட் டீம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, பழுதான சார்ஜரில் கட்டும் ரிஜெக்ட் டேக் ஒன்றின் பின்புறத்தில் கோல் கம்பம், அம்புக்குறி எல்லாம் வரைந்து கிம் சாரிடம் விளக்கினேன். நெடுநேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த வருஷப் பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்த வருஷம் வந்தது. இரண்டுக்கும் காரணம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் இரண்டு நாள் பேச்சே கிடையாது. நம்ம ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிய வீரர், என்னிடம் மட்டும் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தோசை வைக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"நீ ரைட்டுன்னது எனக்கும் கேட்டுச்சு."

நான் இன்னொரு தோசையை அவர் தட்டில் வைத்தேன்.

"சரி, இவ காட்டிக் குடுத்துட்டா, இந்த ஒரு தபா ரைட்லயே வுழுவோம்னு முடிவு பண்ட்டேன். ஒடம்பு கேக்கல, அதும்பாட்டுக்கு லெஃப்ட்ல பூட்ச்சு."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அவரும் சிரித்தார். மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

இன்றைக்கும் அவர் பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்து, ஒரகடம் சந்திப்பில் "ரைட்ல போங்க" என்றால் வண்டியை நிறுத்திவிடுவார். "உன் ரைட்டா, என் ரைட்டா?" ஒரே வண்டியில், ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருக்கும் இருவருக்கு எத்தனை வலது இருக்க முடியும்? பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துத் தீர்க்கும். நான் வாயால் பதில் சொல்லும்வரை வண்டி நகராது.