ஆடவர் துணிப்பை ஆய்வுக் குழு

சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர் யாவரும் இனி கடைக்குத் துணிப்பையுடனேயே செல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்துச் சோதித்துப் பார்த்தார்கள். பெண்கள் பதினெட்டுப் பேரிடமும் பை இருந்தது. ஆண்கள் முப்பது பேரில் ஒருவரிடம் இருந்தது. அதைக்கொண்டு அவர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் பட்டியலை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். அவருடைய பதவி உயர்வே இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உடனே ஏழு பேர் கொண்ட ஆய்வுக் குழுவை அமைத்தார். ஏழு பேரும் ஆண்கள்.

"குழுவுல பொம்பளைங்க யாரும் வேண்டாமா சார்?" என்று கேட்டார் தட்டச்சர் அம்மா.

"நீங்கதான் ஏற்கெனவே பை தூக்குறீங்களேம்மா! உங்ககிட்ட ஆராய என்ன இருக்கு?"

ஆகவே, அறிக்கையைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு மட்டும் அவருக்கு அன்புடன் வழங்கப்பட்டது.

குழு ஆறு முறை கூடியது. ஏசி அறையில், பாட்டில் தண்ணீர் குடித்தபடி, ஆழ்ந்து சிந்தித்தது.

"கையில தொங்குதே, அதான் சிக்கல்" என்றார் கணக்காளர். "பார்க்கிறவன் என்ன நினைப்பான்? வீட்டுல நம்ம பேச்சு எடுபடலைன்னு நினைக்க மாட்டானா?"

"பூ வேற போட்டிருக்கு" என்று முகம் சுளித்தார் பொறியாளர்.

'புவியைக் காக்கும் பணியில் ஆடவர்தம் கம்பீரத்துக்கு ஊறு நேராவண்ணம்' தனிப்பை தயாரிக்கக் குழு பரிந்துரைத்தது. கறுப்பு நிறம், தோள் வார், ஆறு ஜிப், முன்பக்கம் உறுமும் சிங்கம். அதைப் பை என்று சொல்லக்கூடாது. 'களக் கருவி' என்றே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு களக் கருவியும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் வந்திறங்கியது. ஆண்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். இயக்குநருக்குப் பதவி உயர்வும் வந்தது.

தட்டச்சர் அம்மா தயங்கித் தயங்கி அவர் அறைக்குப் போனார்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு கிடைக்குமா?"

"நீங்க இதைப் பார்த்துச் சிரிச்சதா கேள்விப்பட்டேனே!"

"சிரிச்சேன் சார். ஆனா பதினோரு வருஷமா சொல்லிப் பார்த்துட்டேன், மனுஷன் அசையல. சிங்கமாவது சொல்லிப் பார்க்கட்டும்."

அன்று மாலை அவர் கணவர் களக் கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார்.

"காய்கறி நானே வாங்கிட்டு வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத சொல். தட்டச்சர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலுக்கு ஓடி வந்து பார்த்தால், நாலு வீடு தள்ளியிருக்கும் கடைக்கு அவர் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"நடந்தே போகலாமேங்க?"

"நடந்தா நாலு பேர்தான் பார்ப்பாங்க. ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம், ஏறு!"

தட்டச்சர் அம்மா பெருமையோடு ஏறி உட்கார்ந்து, ஏசியைக் கூட்டி வைத்தார்.