சோம்பு மணந்த மாப்பிள்ளை

"சாவு ஊட்டுக்கு வரசொல்லோ குருமா துன்னுட்டா வருவாங்க?"

மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்த ஜெரால்டின் காதில் முதலில் விழுந்தது இதுதான். கேட்டவர் ஆதிகேசவன். ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்த மாமனாரின் தம்பி.

ஜெரால்ட் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி மருந்துக் கம்பெனி லேபில் அனிசோலை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது மனைவி தமிழ்செல்வி போனில் கதறினாள்: "அப்பா போய்ட்டாரு." கை உதறியதில் பாதி பாட்டில் சட்டையிலும் பேண்ட்டிலும் கொட்டியது. சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்றதும் அப்படியே வண்டியைக் கிளப்பிவிட்டான்.

பொன்னேரிக்குப் பக்கத்திலிருந்த அந்த வீட்டுக்குள் அவன் காலெடுத்து வைப்பது இதுவே முதல் முறை. சர்ச்சுக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்டாள் என்று மகளுக்குச் சாத்திய கதவு, மாமனார் செத்த பிறகுதான் திறந்தது.

"அது கெமிக்கல் வாசன மாமா. அனிசோல்னு பேரு. சென்ட்டு, மருந்து செய்யறதுக்குப் போடுவாங்க."

"கெமிக்கலு சோம்பு வாசன அடிக்குமா? யார்கிட்ட கத வுடற?"

பின்பக்கக் குழாயடியில் சட்டையோடு நனைந்து பார்த்தான். அது தண்ணீரில் கரையாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் படித்த படிப்பு எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஈரத்தோடு பந்தலுக்குள் வந்தபோது, ஒப்பாரி வைத்த பெண்கள் ஒரு கணம் நிறுத்தி, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, மறுபடி அழுதார்கள்.

"மானம் போவுதுங்க," என்றாள் தமிழ்செல்வி, விம்மலுக்கு நடுவே.

தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெரால்ட் ஒதுங்கி நின்றான். அப்போதுதான் ஆதிகேசவன் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார்.

"வா மாப்ள. உன் கையால வெளக்குக்கு எண்ண ஊத்து."

மாப்ள! இந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்தாவது அந்தச் சொல் வராதா என்று அவன் எவ்வளவோ ஏங்கியிருக்கிறான். தன்னையறியாமல் ஓர் அடி வைத்தான். சுடர் ஆடியது. சட்டையைக் குனிந்து பார்த்தான், நின்றுவிட்டான்.

"வேணாம் மாமா."

"எங்க வெளக்கத் தொட மாட்டியா? உங்க சாமி கோச்சிக்குமா?"

"சாமி இல்ல மாமா, சட்ட! நெருப்புகிட்ட போனா பக்குனு புடிச்சிக்கும்."

"அப்ப ஊட்டக் கொளுத்தறதுக்குன்னே பூசிக்கினு வந்துகிறியா?"

பந்தலே எழுந்துகொண்டது. வாயில் பீடியோடு ஒருவர் அவன் சட்டையைப் பிடிக்க வந்தார். பீடி நுனியின் கனலைப் பார்த்ததும் ஜெரால்ட் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். குற்றவாளி ஓடுவதைப் போலவே இருந்தது அது.

தமிழ்செல்வி வாசல் வரை வந்தாள். "ஒரு சொட்டு எண்ண. எங்கப்பாவுக்காக ஊத்தக் கூடாதா?" பதிலுக்குக்கூடக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த வேனின் நிழலில் அவன் உட்கார்ந்தான். டிரைவர் பாக்கியராஜ் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஜெரால்ட் உடைந்து அழுதான்.

"ஊத்தியிருக்கணும்ணா. எரிஞ்சாலும் பரவால்லன்னு ஊத்தியிருக்கணும். மாப்ளன்னு கூப்ட்டாருண்ணா."

பாக்கியராஜ் பந்தலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லவேள ஊத்தல சார். நீ வெளக்கத் தொட்டதும் தீட்டாயிடுச்சுன்னு போட்டுப் பொளந்துடணும்னு, காலைல நான் பெட்டி எறக்கசொல்லோவே அந்தப் பெருசு ஆள் நிறுத்தி வெச்சிட்டாரு."