வெள்ளிக்கிழமைக் குப்பி

"மறுபடியும் வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுபடியும் அவசரம். என் தலையிலேயே ஏன் விடியுது?" என்றான் எல்டன்.

ஆய்வகத்தின் சரக்கறையைப் பார்த்துக்கொள்ளும் டாட், 'அவசரம்' என்ற சிவப்புச் சீட்டு ஒட்டிய குப்பியை அவன் மேசையில் வைத்தாள். சீட்டு கோணலாக இருந்தது.

"நான் தூக்கிட்டு வர்றவ, தம்பி. சண்டையை மார்லீன்கிட்ட வச்சுக்கோ."

குப்பிக்குள் கோலின் குளோரைடு என்ற பொடி. மருந்து ஆலைகள் தங்கள் சரக்கை இதோடு ஒப்பிட்டுத்தான் தரம் பார்க்கும். தூய்மை 99.5 சதவீதத்துக்குக் கீழே போனால் வெளியே அனுப்பக் கூடாது.

எல்டன் முணுமுணுத்தாலும் உள்ளூர அவனுக்கு நிம்மதிதான். மனைவி ஆனெக்கே இறந்த பிறகு வெள்ளி மாலையில் வீட்டுக் கதவைத் திறப்பதுதான் பெரும்பாடு. அவன் வேலைக்குத் திரும்பிய அன்று மேலாளர் மார்லீன், "கை தடுமாறுதுன்னா சொல்லிடு, செப்டம்பர் வரைக்கும் லீவு தந்துடறேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவனுக்கு அது தண்டனை அறிவிப்பாகக் கேட்டது.

முதல் அளவு 98.9.

அடுத்த மேசை ரூடி எட்டிப் பார்த்தான். "எடையில கோட்டை விட்டிருப்ப. இன்னொரு தடவை போடு."

போட்டான். 98.1.

"இறங்குதுடா!"

"வின்னிபெக் ஊர் முழுக்க மழை. அந்தப் பொடி மொடாக் குடியன். மூடியைத் திறந்தாலே காத்துல இருக்கற தண்ணியெல்லாம் குடிச்சுடும். திறக்காம அள."

"திறக்காம எப்படிடா அளக்கறது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இன்னும் உன் பக்கத்து மேசையில இருக்கேன்?"

ரூடியின் கருவி எப்போதோ அணைந்திருந்தது. எந்த வெள்ளிக்கிழமையும் அவன் எல்டனுக்கு முன்னால் கிளம்பியதில்லை. கேட்டால் வேலை இருக்கிறது என்பான்.

ஈரம்தானே, காயவைத்தால் போகிறது என்று எல்டன் குப்பியை உலர்த்தும் அடுப்பில் வைத்தான்.

"அது காயட்டும், நீ வா. பெரோகிக் கொழுக்கட்டை ஆறிடும்" என்று ரூடி சாப்பாட்டு அறைக்கு இழுத்துப் போனான். "என் பொண்டாட்டிக்கு அளவே தெரியாது. வாராவாரம் ஒரு படைக்குச் செஞ்சுடறா."

எல்டன் தட்டைக் காலி செய்தான். அந்த வாரத்தில் அவன் உட்கார்ந்து சாப்பிட்டது அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது பொடி கல்லாகியிருந்தது. சின்னக் கரண்டியால் குத்தினான். அசையவில்லை. பலமாகக் குத்தினான். குப்பி கையிலிருந்து வழுக்கி, மேசை மேல் உருண்டு, தரையில் விழுந்து சிதறியது.

ரூடி குனிந்து பார்த்தான். "இனிமே தரையோட தூய்மையைத்தான் அளக்கணும்."

எல்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக மார்லீன் அறைக்குப் போனான். அவளும் ஏனோ இன்னும் கிளம்பாமல் இருந்தாள்.

"மார்லீன், சரக்கு மொத்தமும் போச்சு. அளவு குறைஞ்சது, காயவச்சேன், கல்லாச்சு, உடைச்சுட்டேன். எல்லாம் என் தப்பு. வாடிக்கையாளர்கிட்ட நானே பேசறேன். என்ன வேலை வேணும்னாலும் குடுங்க, குடுவை கழுவறேன். லீவுல மட்டும் அனுப்பாதீங்க."

மார்லீன், பின்னாலேயே வந்திருந்த ரூடியைப் பார்த்தாள். ரூடி கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

வாசலில் டாட், துடைப்பமும் முறமுமாக நின்றாள்.

"எந்த வாடிக்கையாளர், தம்பி? அது காலாவதியாகி ரெண்டு வருஷமாச்சு. சிவப்புச் சீட்டு நான் ஒட்டினது. உன் வெள்ளிக்கிழமைக்குன்னே பெட்டி நிறைய எடுத்து வச்சிருக்கோம், நீ ஒண்ணும் கவலைப்படாதே, கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும்."