செந்தூரப் பெட்டிகளும் சட்டமிட்ட சான்றிதழும்

சரிபார்த்த செய்திகளை மட்டுமே இங்கு எழுதுகிறேன். சரிபாராமல் ஒருவரைத் திருடர் என்று முடிவுகட்டியவன் நான். அந்த வேலையை இரண்டாம் முறை செய்ய விருப்பமில்லை.

கோவிந்தாபுரத்தில் மாங்காய்க் கிடங்கு வைத்திருந்தார் கொல்லங்கோட்டு வியாபாரி ஷாகுல் அண்ணன். விநியோகச் சங்கிலி மேலாண்மையில் நான் இணையவழியாகப் பெற்ற சான்றிதழை நம்பி, மூன்று மாதச் சோதனைக் காலத்துக்கு என்னைக் கிடங்குப் பொறுப்பாளராக்கினார். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மாமனார் முகத்தில் விழிக்க வேண்டும். சான்றிதழைச் சட்டமிட்டு என் நாற்காலிக்கு மேலே மாட்டினேன். (ஆணி மட்டும் நேராக இறங்கியது.)

பெட்டி அடுக்கும் பெண்களுக்குத் தலைவி மாரக்கா. ஒருநாள் அவர், முன்தினம் வந்த பங்கனப்பள்ளி ரக மாங்காயை ஓரங்கட்டிவிட்டு, அன்று காலை வந்த செந்தூரத்தை லாரியில் ஏற்றச் சொன்னார். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது நான் கற்ற பாடம். அதை மீறுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று ஊகித்தேன். ஓட்டுநர் அவருக்கு வெற்றிலை நீட்டியதையும் குறித்துக்கொண்டேன். (எந்தச் சதிதான் வெற்றிலை இல்லாமல் தொடங்கியது?)

“ஏனுங்க சார், செந்தூரம் மணக்குதுங்க. இன்னிக்கே போகோணுங்க. பங்கனப்பள்ளி கல்லாட்டம் இருக்குது, நாலு நாள் தாங்குமுங்க.”

பெட்டியில் தேதி எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன்.

“தேதி பழுக்காதுங்களே” என்றார் மாரக்கா.

அந்தப் பணிவே என் ஐயத்தை உறுதிப்படுத்தியது. செந்தூரத்தை இறக்கி, பங்கனப்பள்ளியை ஏற்றி அனுப்பினேன். யாரும் பெட்டியை மாற்றிவிடக் கூடாதென்று செந்தூர அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அடுத்த லாரி மூன்றாம் நாள் வந்தது. கதவைத் திறந்ததும் ஈக்கள் என்னை வரவேற்றன. சாறு வாசற்படியைத் தாண்டி ஓடிற்று. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்த ஷாகுல் அண்ணன், சுவரிலிருந்த சட்டத்தை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இதுல மாம்பழ மணம் அடிக்குதா?”

இல்லை என்றேன்.

“அப்ப மாரக்காவைக் கேட்டுட்டு ஒப்புப் போடுங்க.”

அன்று முதல் மாரக்கா முகர்ந்து சொன்னார். நான் எழுதிக் கையொப்பமிட்டேன். மூன்று மாதம் முடிந்ததும் என்னை வைத்துக்கொள்ளலாமா என்று முதலாளி கேட்டது, நான் திருடி என்று நினைத்திருந்த அவரிடம்தான்.

“எழுத்து நல்லாயிருக்குதுங்க. இருக்கட்டுங்க.”

பிறகு பாடநூலைப் புரட்டினேன். முதலில் கெடக்கூடியது முதலில் போகட்டும் என்ற விதி ஆறாம் அத்தியாயத்தில் தெளிவாக இருந்தது. தேர்வுக்கு வராதென்று நான் விட்டுவிட்ட அத்தியாயம் அது.

இன்றும் வீட்டில் பழம் வாங்கி வந்தால் முகர்ந்து பார்ப்பது என் மனைவி. “நீங்க தேதி மட்டும் சொல்லுங்க, போதும்” என்பாள். மாமனார் சிரிப்பதற்காகவே சாப்பிட வருகிறார்.

இவ்வாண்டு ஓர் ஏற்றுமதியாளர் கிடங்கைப் பார்க்க வந்து, பொறுப்பாளரின் தகுதி என்ன என்று கேட்டார். நான் சுவரைக் காட்டினேன். மாரக்கா ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏற்றுமதியாளர் எதை நம்பிக் கையெழுத்திட்டார் என்பது எனக்குத் தெரியாது.