துறையூருக்கு நேர்வழி இல்லை

எடமலைப்பட்டி புதூர்,
திருச்சி.
12-2-1958

துறையூர் சம்பந்தி தர்மராஜ் அவர்களுக்கு, ரெங்கராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அமிர்தமும் மகள் ராசாத்தியும் முழு உடம்போடு இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், ஊரில் வேறு விதமாகப் பேசுகிறார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு நல்ல நேரம் தப்பி வந்ததால், என் விமானத்தை விற்றால்தான் கல்யாணம் என்று சொல்லியனுப்பிவிட்டீர்கள். நடந்ததைக் கேளுங்கள். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து துறையூருக்கு பஸ் போகும் தூரத்தை விசாரித்து, அதற்குச் சரியாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு, அமிர்தம் மடியில் பூத்தட்டுடன் கிளம்பினோம். உச்சிப்பிள்ளையார் தலைக்கு மேல் பறக்கலாமா? வலமாக ஒரு சுற்று. காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கத்தில் பெருமாள் படுத்திருக்கிறார்; தூங்குகிறவர் தலைமேல் இரைச்சலோடு போவது மனிதர் விஷயத்திலேயே மரியாதை இல்லை. ஏழு மதிலையும் சேர்த்துச் சுற்றினேன். பக்கத்தில் திருவானைக்காவலை விட்டால் சிவன் என்ன நினைப்பார்? சமயபுரத்தாளைச் சுற்றாமல் போக எனக்குத் தைரியமில்லை. திருவெள்ளறைக் கோவிலைப் பாதி சுற்றும்போது எஞ்சின் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டிருந்த அமிர்தம், "எறங்குறோமா, விழுறோமா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் யோசித்துச் சொல்வதற்குள் ஒரு கடலைக் களத்தில் நின்றிருந்தோம்.

களத்துக்காரி மயிலம்மாள் நல்ல மனுஷி. "காயற கடலைய விட்டுட்டு அந்தப் பக்கமா எறங்கக் கூடாதாங்க?" என்று கேட்டுவிட்டு, மறுமூச்சில் "சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டோம். அவள் வண்டியிலேயே உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். விமானத்தை மறுநாள் பெட்ரோல் ஊற்றி எடுத்துவந்தேன்.

பறக்கக் கற்றுக்கொடுத்த இன்னாசிராஜ், "சாமியச் சுத்தினது போதுங்க, கொஞ்சம் பெட்ரோல் முள்ளையும் பாருங்க" என்கிறார். முள்ளைப் பார்த்தால் வீண் பயம் வருகிறது. விபத்து அஜாக்கிரதையான ஆளுக்கு வருவது. என்னிடம் அஜாக்கிரதை கிடையாது. ஆகவே எனக்கு நேர்ந்தவை விபத்துகள் அல்ல. கிளப்பில் உள்ள மற்ற விமான முதலாளிகளும் இதையே சொல்கிறார்கள், பாதிப்பேர் கட்டுப் போட்டுக்கொண்டு.

இருந்தாலும் ராசாத்தி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பறப்பதில் ருசியில்லை. விமானத்தை விற்றுவிடுகிறேன். கரூரிலிருந்து ஆள் வருகிறார். முகூர்த்தத்துக்கு பஸ்ஸிலேயே வருவோம். வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சின்னவர்களுக்கு எங்கள் ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
ரெங்கராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் மகன் வந்துவிட்டார். விற்றாகிவிட்டதா என்று பார்த்துவரத் தாங்கள் அனுப்பினீர்களாம். நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், என்னுடன் ஒரு சுற்றுப் பறந்தும் பார்த்தார். இப்போது, விற்றால் கல்யாணம் இல்லை என்கிறார். ராசாத்தி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கரூர்க்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஞாயிறு காலை மாப்பிள்ளையும் நானும் அங்கே வருகிறோம். உங்கள் கொல்லையில் உள்ள வைக்கோல் போரை ஒதுக்கச் சொல்ல நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும், மெத்தென்று இருக்கும்.