காலி மேஜை

மின்னல் விழுந்தபோது அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. பந்துகூட மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. ஓடுகிற வேகத்துக்காக அந்தப் பெயர் வாங்கியவன், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டான்.

டிரெய்னர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போயும் போயும் இன்றைக்கா?

டிரெய்னர் என்றால் ஆடக் கற்றுக்கொடுப்பவர் அல்ல. அது கோச்சின் வேலை. ஆடுகிறவனின் உடம்பு உடையாமல் பார்த்துக்கொள்வது, உடைந்தால் முதல் ஆளாக ஓடுவது, தேறியவனை எப்போது மறுபடி இறக்கலாம் என்று சொல்வது, இதெல்லாம்தான் டிரெய்னர். இதற்கென்று ஒரு பட்டப்படிப்பு, அதற்கு மேல் ஒரு தேர்வு. அப்புறம் பள்ளி அணி, கல்லூரி அணி, சின்ன கிளப் என்று படிப்படியாக ஏற வேண்டும். இவர் சின்ன கிளப்பிலேயே நின்று தலை நரைத்துவிட்டது. மாமனாருக்கு மட்டும் இது கடைசிவரை பிடிபடவில்லை. "மாப்பிள்ளை, ஜிம்முல இருக்கீங்களே, என் தொந்திக்கு ஒரு வழி சொல்லக்கூடாதா?" என்பார் பார்க்கும்போதெல்லாம்.

இந்த சீசனோடு சின்ன கிளப்பை மூடுகிறார்கள். மாமனாரின் தொந்தியே கதி என்றிருந்த வேளையில்தான் பெரிய கிளப்பின் மேனேஜர் போன் செய்தார்.

"உங்க சிகிச்சை மேஜை வருஷம் பூரா காலியாவே கிடக்குதாமே. ஒருத்தனும் அடிபடலையாம். அது எப்படின்னு நேர்ல பாக்க வரேன்."

இப்போது அவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் மனைவி கேட்டது வேறு காதில் ஒலித்தது. "அவர் வந்து எதைப் பாப்பாரு? நீங்க பையை மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கறதையா?"

"அப்படி உக்கார முடியறதுதான்டி என் திறமை."

"ரொம்ப நல்லாருக்கு. இதைச் சொல்லிக் கேட்டா யாரு வேலை குடுப்பா?"

டிரெய்னர் மின்னலின் அருகே மண்டியிட்டார். எலும்பின் விளிம்பை அழுத்தினார். வீக்கம் இல்லை. பாதத்தை நாலு பக்கமும் திருப்பினார். எண்ணெய் போட்ட கீல் மாதிரி திரும்பியது.

"எல்லாப் பக்கமும் வருதேப்பா."

"வருது சார். ஆனா வலிக்குது."

வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால் சந்தேகப்படக் கூடாது. வீக்கம் மெதுவாக வரும். வலி முன்னாடியே வந்துவிடும். பாதத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கெண்டைக்காலில் டேப்பால் ஒரு வளையம் சுற்றி, அங்கிருந்து குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய் மறுபக்கம் ஏற்றினார். குதிரைச் சவாரிக்காரன் கால் வைக்கிற வளையம் போல டேப் பாதத்தைத் தாங்கிக்கொள்ளும்; கால் உள்பக்கம் மடங்காது.

"சூப்பரா சுத்துறீங்க சார்," என்றான் மின்னல். முன்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

பெஞ்சுக்குத் திரும்பி உட்காரவில்லை, முன்னால் நின்று கோல் போடுகிறவன் தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். தசைப்பிடிப்பு என்றான். நீட்டிவிட்டார், தசை வெண்ணெயாக இருந்தது.

உடம்பைச் சூடுபடுத்தும் பயிற்சியில் தான்தான் ஏதோ கோட்டைவிட்டிருக்க வேண்டும் என்று டிரெய்னருக்குப் பட்டது. இடைவேளையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி மறுபடி இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று சுழற்றவைத்தார். சுழற்றிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மாற்று ஆட்டக்காரர்களையாவது தயார் செய்யலாம் என்று கோட்டோரம் ஓடவிட்டார். இன்னும் ஆடவே இறங்காத அவர்களில் ஒருவன், ஓடிய இடத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க என் பசங்கள?" என்றார் கோச்.

"தெரியல," என்றார் டிரெய்னர். படித்தது, பார்த்தது, கைப்பழக்கம் எல்லாம் ஒரே நாளில் தன்னைக் கைவிட்டதுபோல இருந்தது. முன்வரிசைப் பக்கம் அவர் தலையைத் திருப்பவே இல்லை.

பிறகு சுவர் விழுந்தான். பின்வரிசையில் நின்று எதிராளியை மறிப்பவன். லாரி மோதினாலும் நிற்பவன். அவன் நின்று, குனிந்து, புல்லில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து, அங்கே மெல்லப் படுத்தான்.

டிரெய்னர் ஓடிப்போய்க் குனிந்தார். "எந்தக் கால்? இடதா, வலதா?"

சுவர் கொஞ்சம் யோசித்தான். "உங்களுக்கு எது சார் வசதி?"

தலையில் அடி. சந்தேகமே இல்லை. தடுமாற்றம், குழப்பம், கேட்டதற்குப் பொருந்தாத பதில். மூளை குலுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், அன்றைக்கு அவன் ஆடக் கூடாது. இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. அதில் டிரெய்னர் சொல்வதுதான் முடிவு, கோச்சே தடுக்க முடியாது.

"இவன் வெளியே."

"சார், எனக்கு ஒண்ணுமில்ல சார்," சுவர் பதறி எழுந்தான். "சும்மா விழுந்தேன் சார்."

"அப்படித்தான் சொல்லுவாங்க. மூளை குலுங்கினவனுக்குத் தனக்கு ஒண்ணுமில்லைன்னுதான் தோணும். நட."

"அவன் போனா பின்னாடி யாருய்யா நிப்பா?" கோச் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஒருவரும் நிற்கவில்லை. கோலாக விழுந்தது. கோல் காக்கிற கோலியைத் தவிர எல்லோரும் விழுந்தார்கள், கோலி மட்டும் பந்துக்காக விழுந்தான், அதுவும் தப்பான பக்கம்.

ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில், காலி மேஜை என்று பேர் வாங்கிய அந்த மேஜைமேல் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தரையில் ஐஸ் பைகள். மேனேஜர் வாசலில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"காலி மேஜையப் பாக்க வந்தேன்," என்றார். "உங்க கைவேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு வேலை வைக்கிற ஆள் எங்களுக்கு வேண்டாம்." கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

டிரெய்னர் பையை மூடினார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இத்தனை வருடம் கற்ற வித்தையில் மிச்சம் மாமனாரின் தொந்திதான்.

அவருக்குப் பின்னால் டேப் கிழியும் சத்தம் கேட்டது. திரும்பினார். மேஜையிலிருந்து மூன்று பேரும் குதித்து இறங்கினார்கள். மின்னல் ஒற்றைக்காலில் நின்று காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான், வலித்த காலில் நின்றபடி.

கோலி அருகே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "என்ன சார், ஆளு அசந்துட்டாரா? 'அவர் வேலை செய்யறத யாருமே பாத்ததில்ல, இன்னிக்காவது காட்டிடுங்கப்பா'ன்னு காலையில உங்க வீட்டு அக்கா போன் பண்ணாங்க. அதான் பசங்க மாத்தி மாத்தி விழுந்தாங்க. போதுமா சார், இல்ல நானும் விழுந்திருக்கணுமா?"